சவுண்டு ரூம் பகலவன்

பகலவனுக்குப் பொறாமை புதிது இல்லை. மண்ணூரில் பங்காளி வீட்டுக்காரன் மாடி எடுத்தபோது, அந்தத் தெருப் பக்கமே போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு போன மனிதர். மச்சான் புது பைக் வாங்கி வாசலில் நிறுத்தினால், "கலர் ஒரு மாதிரி கீதே" என்று ஆரம்பித்து, ஓட்டுகிறவனுக்கு முதுகுவலி நிச்சயம் என்று முடிப்பார். அதெல்லாம் சில்லறைப் பொறாமை, சொந்தபந்தம் உள்ள எல்லாருக்கும் இருப்பதுதான். சந்தனமாரி என்ற பெண்மேல் அவர் பட்ட பொறாமை வேறு ரகம். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். மீதியைக் கம்பெனி பஸ்ஸில் அவரே சொல்லக் கேட்டவன்.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்கிறது. நான் அசெம்பிளி லைனில் போல்ட் முடுக்குகிறேன். கோர்த்து முடித்த பெட்டி லைனின் கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அறைக்குள் போகும். உள்சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்த அறை. கதவைச் சாத்திவிட்டால் வெளியே பிரஸ் மிஷின் இடிப்பதுகூட உள்ளே வராது. அங்கே பெட்டியை மோட்டாரில் மாட்டி, ஒவ்வொரு கியராகப் போட்டுச் சுழலவிட்டு, ஒரு ஆள் உட்கார்ந்து கேட்பார். சக்கரத்தின் பல் மயிரிழை பிசகியிருந்தாலும் பெட்டி ஊளையிடும். கழற்றிப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். நல்ல பெட்டிக்குப் பச்சைச் சீட்டு, ஊளையிடும் பெட்டிக்குச் சிவப்புச் சீட்டு. மைக் வைத்துப் பார்க்கும் மிஷினும் உண்டு. ஆனால் மிஷின் இரண்டுங்கெட்டானாகச் சொல்லும் பெட்டிகளுக்கு மனிதக் காதுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தக் காது பகலவனுடையது.

அவருக்கு அந்த வேலை சும்மா கிடைக்கவில்லை. கம்பெனி ஆரம்பித்த காலத்தில் லைனில் இருந்த எல்லாரையும் உட்காரவைத்து, நல்லதும் கெட்டதுமாகப் பெட்டிகளை ஓடவிட்டுப் பிரிக்கச் சொன்னார்கள். பகலவன் ஒருத்தர்தான் ஒன்றுகூடத் தப்பாமல் பிரித்தார். அன்றிலிருந்து அவர் சவுண்டு ரூம் பகலவன். ஏசி அறை, தனி நாற்காலி, எண்ணெய் படாத சட்டை. நாங்கள் நின்று வேலை செய்கிறோம், அவர் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். அதில் எங்களுக்கு அவர்மேல் கொஞ்சம் எரிச்சல் இருந்தது உண்மை. அது தெரிந்தே அவர் கேன்டீனுக்கு வரும்போது மெதுவாக நடந்து வருவார்.

சர்க்கரை அவருக்குக் கல்யாணமான கொஞ்ச வருஷத்திலேயே வந்துவிட்டது. அதை அவர் வியாதியாகவே மதிக்கவில்லை. ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார். போட்ட அன்றைக்கு, "மாத்திரதான் உள்ள கீதே, அது பாத்துக்கும்" என்று கேன்டீன் கேசரியை இரண்டு தடவை வாங்குவார். நடக்கும்போது செருப்பு காலிலிருந்து கழன்றுபோனாலும் தெரியாது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கால் மரத்துப்போவது வயசுக்கோளாறு என்பது அவர் முடிவு.

இப்படி இருக்கும்போதுதான் சந்தனமாரி வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், டிப்ளமோ படித்தவள், ட்ரெய்னியாகச் சேர்ந்து சேரப்பணஞ்சேரியில் நாலு பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். பகலவனுக்கு வைத்த அதே சோதனையை அவளுக்கும் வைத்தார்கள், அவளும் ஒன்றுகூடத் தப்பாமல் பிரித்துவிட்டாள். இரண்டாம் ஷிப்ட்டுக்கு அவளைச் சவுண்டு ரூமில் போட்டார் சூப்பர்வைசர் வசந்தகுமார். முதல் நாளே அவள் பகலவனிடம் போய், "அண்ணாச்சி, நல்லாருக்கியளா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். "இன்னா பருப்பு வேணும்னு கேக்கணுமா நானு?" என்று பகலவன் எங்களிடம் வந்து பொருமினார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஷிப்ட் மாறும்போது, முந்தின ஷிப்ட் பச்சை கொடுத்த பெட்டிகளில் சிலவற்றை அடுத்த ஷிப்ட் திரும்பக் கேட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். சந்தனமாரி பகலவனின் பச்சைச் சீட்டுகளைக் கிழித்துவிட்டுச் சிவப்பு ஒட்ட ஆரம்பித்தாள். ஒன்றிரண்டு இல்லை, தினமும்.

"மூணாவது கியர்ல ஒரு ஊளை கேக்குல்லா அண்ணாச்சி?" என்று அவள் தன்மையாகத்தான் கேட்டாள்.

"ஊளையும் இல்ல, நரியும் இல்ல. நான் கேட்டுட்டுத்தான் உட்டேன்," என்றார் பகலவன்.

"இல்ல அண்ணாச்சி, லேசா கேக்கு. நீங்க வேணா இன்னொருக்க கேளுங்களேன்."

அவர் கேட்டார். கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் இல்லை என்றுதான் அர்த்தம். இத்தனை வருஷமும் அப்படித்தான். அப்படியானால் இவள் இல்லாத சத்தத்தைக் கேட்கிறாள். எதற்குக் கேட்கிறாள்? தன் காதுதான் பெரிசு என்று காட்டத்தான். பகலவனின் கணக்கு அப்படிப் போயிற்று, அந்தக் கணக்கில் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

பிறகு அவள் செய்தது எல்லாமே அவருக்குக் குற்றமாகிவிட்டது. அவள் சிரித்தால் நடிப்பு, சிரிக்காவிட்டால் திமிர். வசந்தகுமார் அவளோடு நின்று பேசினால், "மயக்கி வெச்சிகீறா பாரு" என்பார். க்வாலிட்டி மேனேஜர் அவளைப் பாராட்டி நோட்டீஸ் போர்டில் போட்டோ ஒட்டியபோது, பகலவன் அந்தப் போர்டைப் பார்க்காமலே கை கழுவப் போகும் வழியைக் கண்டுபிடித்தார். பஸ்ஸில் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "இன்னா பகலண்ணே, ஏசி ரூம்ல ஒக்காந்துகினு காதுல பொக வருதே" என்று பாபு என்கிற வெல்டிங் பையன் கிண்டல் செய்தான். பஸ்ஸே சிரித்தது. பகலவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாபு சொன்னது அவர் காதில் சரியாக விழுந்திருக்காது என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. சிரிப்பு மட்டும் விழுந்திருக்கும்.

வீட்டிலும் அவருக்கு நிம்மதி இல்லை. எல்லாரும் முணுமுணுவென்று பேசுகிறார்கள் என்பது அவர் புகார். மனைவி காந்திமதி போனில் தங்கையோடு பேசிச் சிரித்தால், தன்னைப் பற்றித்தான் குசுகுசுக்கிறாள் என்று முறைப்பார். காந்திமதிக்கு வேறு புகார். "குக்கரப் பாத்துக்கோன்னு சொல்ட்டு தண்ணி புடிக்கப் போனா, பருப்பு தீஞ்சு வூடெல்லாம் நாத்தம். நீ பக்கத்துலயே ஒக்காந்துகினு கீற. விசிலு உன் காதுல வுழாதா? செவுடன் காதுல ஊதின சங்காட்டம்." இத்தனைக்கும் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் லாரி போனால் அவருக்குக் கேட்கும், இடி இடித்தால் கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும். பிறகு யார் சொன்னால்தான் அவர் நம்புவார்?

அந்த நேரத்தில்தான் மெடிக்கல் வேன் வந்தது. வருஷம் ஒருமுறை வந்து கேன்டீன் பின்னால் நிற்கும். ரத்தம் எடுப்பார்கள், கண் பார்ப்பார்கள், காது பார்ப்பார்கள். காதுக்கு வேனுக்குள் ஒரு சின்னக் கூண்டு உண்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, மெல்லிசாகச் சத்தம் வரும்போதெல்லாம் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். கூண்டில் ஒரு கண்ணாடி ஜன்னல். அந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தம் அனுப்பும் பெண்ணின் விரல் அசைவது அதில் நன்றாகவே தெரியும். காதில் ஃபெயில் ஆனால் லைனை விட்டு மாற்றிவிடுவார்கள், ஓ.டி. காசு போய்விடும் என்று ஒரு பயம் எங்கள் பிளான்ட்டில் எப்போதும் உண்டு. அதனால் வரிசையில் நிற்கும்போதே முன்னால் நிற்பவன் பின்னால் நிற்பவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவான்: "சத்தத்த உடு, விரலப் பாரு." பரீட்சையில் பிட் அடித்தவன்கூட இவ்வளவு ஒழுங்காக அடித்திருக்க மாட்டான். ரிப்போர்ட்டை வைத்துப் பார்த்தால், நாளெல்லாம் இரைச்சலில் நிற்கும் எங்களில் ஒருத்தனுக்கும் காதில் குறையே கிடையாது.

பகலவன் முதலில் இதைக் கேவலமாக நினைத்தவர்தான். அவர் காதுக்கு எதற்கு விரல்? ஆனால் ஒரு வருஷம் கூண்டில் உட்கார்ந்திருந்தபோது விரல் அசைகிறது, காதில் ஒன்றும் வரவில்லை. வயர் லூசாக இருக்கும் என்று நினைத்தார். வயர் லூஸ் என்பதற்காகச் சவுண்டு ரூம் பகலவனுக்குக் கெட்ட பேர் வரலாமா? விரலைப் பார்த்து அழுத்திவிட்டு இறங்கினார். அடுத்த வருஷமும் வயர் லூசாகவே இருந்தது. அதற்கடுத்த வருஷமும் யாரும் அதைச் சரிசெய்யவில்லை.

சந்தனமாரிக்கு விரல் சமாச்சாரத்தை யாரும் சொல்லவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகவே கேட்டாள். கேன்டீன் ஃபேன் இரைச்சல் வேனுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததில் சில சத்தங்களை விட்டுவிட்டாள்.

வேன் போன மறுவாரம் சண்டை முற்றிவிட்டது. சிவப்புச் சீட்டு கூடிக்கொண்டே போக, அனுப்ப வேண்டிய பெட்டி குறைந்துகொண்டே வந்தது. பகலவன் நேராக மேனேஜரிடம் போய், "சார், இந்தப் பொண்ணு சும்மாவே ரிஜெக்ட் போட்டுகினு கீது. ரெண்டு பேர் காதயும் டெஸ்ட் பண்ணிக்கினுதான கீறீங்க? அதப் பாருங்க, தெரியும்" என்று சொல்லிவிட்டார். மேனேஜர் இரண்டு பேர் ரிப்போர்ட்டையும் வரவழைத்துப் பார்த்தார். பகலவனுடையதில் குறையே இல்லை. சந்தனமாரியுடையதில் அங்கங்கே குறை. பெட்டி போக வேண்டிய அவசரம் வேறு. சந்தனமாரியை அன்றைக்கே பேக்கிங்கில் போட்டார்கள். வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை மாசக் கடைசியில் சொல்கிறோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஒவ்வொருவன் ரிப்போர்ட்டும் சந்தி சிரிக்கும். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைத் தாண்டிக் கேன்டீனுக்குப் போகும்போது எல்லாருமே போனை எடுத்துப் பார்த்துக்கொண்டோம். பகலவன் மட்டும் நிமிர்ந்து நடந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் போல ஒரு அசிங்கத்தை நான் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். ஷூவுக்குள் ஒரு ஆணி குத்தி, அது தெரியாமலே வேலை பார்த்து, சாக்ஸ் ரத்தமாக இருப்பதைக் காந்திமதி பார்த்தாள். குன்றத்தூரில் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா காலைத் துடைத்துக் கட்டுப்போட்டார். கண் எப்படி, சிறுநீர் எப்படி என்று விசாரித்துவிட்டு, காது எப்படி என்றும் கேட்டார்.

"என் காதா? அதுக்குத்தான் மேடம் எனக்கு சம்பளமே" என்று சிரித்தார் பகலவன்.

"டிவி தெருமுன வரைக்கும் கேக்குதும்மா" என்றாள் காந்திமதி.

பக்கத்து அறையில் காது பார்க்கும் இடம் இருந்தது. சரி, பார்த்துவிடலாம், இந்த அம்மாவுக்கும் தெரியட்டும் என்று கெத்தாகப் போய் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டினார்கள். அங்கே ஜன்னல் இல்லை. நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள், சத்தம் அனுப்பும் பெண் அவருக்கு முதுகுப்பக்கம் இருந்தாள். தொடக்கத்தில் சில சத்தங்கள் தெளிவாக வந்தன, அழுத்தினார். பிறகு ஒன்றும் வரவில்லை. மிஷினில் ஏதோ மாற்றுகிறார்கள் போல என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் வந்து தோளைத் தொட்டாள்.

"மிச்சத்த எப்ப ஆரம்பிப்பீங்கமா?" என்றார்.

"முடிஞ்சிருச்சு சார்."

டாக்டரம்மா அவரை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். "சர்க்கரை கண்ணுல, கிட்னில, கால்ல பண்ற வேலையத்தான் காதுக்குள்ளயும் பண்ணும். உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ங்க ரொம்பப் பொடிசு. அது கெட்டுப்போனா, சத்தத்த வாங்குற பொடிப்பொடி செல்லுங்க செத்துடும். அங்கேர்ந்து மூளைக்குப் போற நரம்பும் தளர்ந்துடும். மொதல்ல போறது கீச்சுனு ஒலிக்கிற மேல் சத்தம். இடி, லாரியெல்லாம் நல்லா கேக்கும். அதனால கேக்கலன்றதே உங்களுக்குத் தெரியாது. கூட்டத்துல பேசினா சத்தம் வரும், வார்த்த புரியாது. ஃபேக்டரி இரைச்சலும் இதுல சேர்ந்துக்கும்."

"திரும்பி வருமா மேடம்?"

"போனது வராது. சர்க்கரைய ஒழுங்கா வெச்சுக்கிட்டா இருக்கிறத காப்பாத்தலாம். காதுக்கு மிஷின் போட்டுக்கிட்டா பேச்சு நல்லா புரியும்."

பகலவன் கேட்ட அடுத்த கேள்வி டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "அப்ப அவளுக்குக் கேட்டது நெசமா?"

"எவளுக்கு?" என்றாள் காந்திமதி. அந்தக் கேள்விக்குக் குன்றத்தூரிலிருந்து மண்ணூர் வரைக்கும் அவர் பதில் சொல்லவேண்டி வந்தது.

காது போனது அவருக்குப் பெரிய துக்கம்தான். ஆனால் அன்றைக்கு நெஞ்சில் குத்தியது அது இல்லை என்று அவரே சொன்னார். தனக்குக் கேட்காத ஒன்று அவளுக்குக் கேட்கிறது. தன்னிடம் இருந்த பொருள் தனக்குத் தெரியாமலே போய், இப்போது அவளிடம் இருக்கிறது. முன்பாவது பொய்க்காரி என்று திட்டலாம். இனி அதற்கும் வழியில்லை. கம்பெனியில் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வழக்கம்போலச் சவுண்டு ரூமில் போய் உட்கார்ந்தார். பெட்டி சுழன்றது. கண்ணை மூடினார். கேட்பதற்கும் கேட்காததற்கும் வித்தியாசம் தெரியாமல், மிஷின் இரண்டுங்கெட்டானாகச் சொன்னதற்கெல்லாம் பச்சைச் சீட்டு ஒட்டினார். பேக்கிங்கில் சந்தனமாரி ஊருக்குப் பஸ் டிக்கெட் போட்டுவிட்டதாகப் பேச்சு.

மாசக் கடைசி நெருங்கும்போது, சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சவுண்டு ரூமுக்குக் கூப்பிட்டார்.

"எதுக்கு அண்ணாச்சி? இன்னும் என்ன பேரு மிச்சம் இருக்கு கெடுக்கதுக்கு?" என்றாள்.

"ஒக்காரு. கேளு. அவ்ளோதான்."

காலையில் தான் பச்சை கொடுத்த பெட்டிகளை வரிசையாக ஓடவிட்டார். அவளுக்கும் கேட்கக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் ஓடவிட்டார். முதல் பெட்டிக்குச் சந்தனமாரி சும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டாவதில் மூணாவது கியர் விழுந்ததும் முகத்தைச் சுளித்தாள். பகலவனுக்கு அந்த இடத்தில் சத்தமே இல்லை. நடிக்கிறாளோ என்று, அவளைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, நடுவில் வேறு பெட்டிகளை விட்டு, அதே பெட்டியை மறுபடி மாட்டினார். "முன்னாடி ஓட்டுனதத்தான திருப்பி ஓட்டுதீய?" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

அவள் முகத்தைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. தன் சோற்றைத் தன் கண்முன்னே இன்னொருத்தி சாப்பிடுகிற மாதிரி இருந்தது என்றார். அவள் சொன்ன பெட்டிகளின் பச்சைச் சீட்டைத் தன் கையாலேயே கிழித்தார். சிவப்பை ஒட்டினார். குன்றத்தூர் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வசந்தகுமாரிடம் போனார்.

"பகலண்ணே, வேன்ல உங்க காது சூப்பரா கீதுன்னு வந்துச்சே?" என்றார் வசந்தகுமார்.

"விரலப் பாத்து அமுக்கினேன். எனக்குக் காது போயிருச்சு. சர்க்கரதான் தின்னுருச்சு. அந்தப் பொண்ணு சொன்னதுதான் கரெக்ட்டு. அத ஊருக்கு அனுப்பாதீங்க."

சந்தனமாரி சவுண்டு ரூமுக்குத் திரும்பினாள், வேலையும் நிலைத்தது. ஆனால் விரல் கதை வெளியே வந்துவிட்டதால், வருஷம் முடியும் முன்னேயே கம்பெனி வேனை மறுபடி வரவழைத்தது. இந்தத் தடவை ஜன்னலில் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தார்கள். உள்ளே போனவர்களில் பாதிப் பேர் முகம் செத்து வெளியே வந்தார்கள். பலருக்கு லைன் மாறியது. பஸ்ஸில் பகலவனுக்கு யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. பாபு அவர் காதுபடவே திட்டினான், அதுவும் நன்றாகக் கேட்கும்படி. எனக்கும் கோபம்தான், ஆனாலும் பக்கத்தில் இடம் விட்டேன்.

இப்போது அவர் ஸ்டோரில் இருக்கிறார். காதில் மிஷின் போட்டிருக்கிறார். மாத்திரை தவறுவதில்லை, கேசரியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போன வாரம் சந்தனமாரி பச்சை, சிவப்புச் சீட்டுகள் வாங்க ஸ்டோருக்கு வந்தாள், நானும் அங்கே நின்றிருந்தேன்.

"அண்ணாச்சி, நீங்க மட்டும் சொல்லலன்னா நான் ஊருக்குப் போயிருப்பேன். எங்க அம்மா உங்களக் கும்பிடச் சொன்னா" என்றாள்.

"கும்புடெல்லாம் வாணாம். உன்னப் பாத்தா எனக்கு இன்னும் வயிறு எரியுது. தெனம் எரியுது. சொல்லிட்டேன், அவ்ளோதான்," என்றார் பகலவன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. சீட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டாள். "எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போட்டும் அண்ணாச்சி. ஆனா அந்த ஊளை அப்படி ஒண்ணும் பொறாமப்படுத மாதிரி இல்ல. கேட்டாலே பல்லு கூசுது, ராத்திரி படுத்தாலும் போவ மாட்டேங்கு."

"அந்தக் கூச்சந்தாம்மா எனக்கு வேணும்," என்றார் பகலவன்.